மாத்திரை, களி, படிக்கட்டு

ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை முருகனைப் பார்க்க 1320 படி ஏற வேண்டும். அடிவாரத்தில் தறிச் சத்தம். பெட்ஷீட்டுக்குப் பேர் போன ஊர். கந்த சஷ்டி கவசம் இந்த மலைக் கோயிலில்தான் அரங்கேறியது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். விலா, இடுப்பு, தொடை, முழந்தாள் என ஒவ்வோர் உறுப்பாகப் பேர் சொல்லிக் காக்கச் சொல்லும் துதி அது. அதைத் தினமும் கேட்டு வளர்ந்த பெண்களிடம், அறுபதைத் தாண்டிய பிறகு, எலும்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கால்சியம் மாத்திரை போட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்."

பதிலில் தப்பில்லை. ஆனால் கேள்வியில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அது விடை. எலும்பு வலுவிழந்த ஒருவருக்கு மாத்திரை எவ்வளவு உதவும், சாப்பாடு எவ்வளவு, உடற்பயிற்சி எவ்வளவு, மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கடந்த நாற்பது ஆண்டுகளில் உலகமெங்கும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் பல இடங்களில் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தெரியும். யாரை வைத்து ஆராய்ந்தார்கள், அவர்கள் தட்டில் முன்பே என்ன இருந்தது என்று பார்த்தால் மோதலில் பாதி மறைந்துவிடும். கொங்கு நாட்டுத் தட்டை வைத்துப் பார்க்கும்போது சில முடிவுகளை மாற்றியே படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முழங்கால் வலிக்கும், எலும்பு மெலிவு நோயான ஆஸ்டியோபோரோசிஸுக்கும் சம்பந்தமில்லை. மூட்டு தேய்ந்தால் வலிக்கும். எலும்பின் அடர்த்தி குறைந்தால் வலிக்காது. ஒடியும் வரை ஓர் அறிகுறியும் காட்டாமல் இருப்பதுதான் இந்த நோயின் குணம். குளியலறையில் வழுக்கி விழுவது, அரிசி மூட்டையை நகர்த்துவது, பேருந்தில் ஒரு குலுங்கல் இவையே போதும். 1994இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஓர் எல்லை வகுத்தது: எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில், இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். முப்பது வயதுவாக்கில் உச்சம் தொடும் எலும்பு, மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் வேகமாகக் கரைகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டவர்களுக்குக் கரைசல் அன்றே தொடங்கும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலக அளவில் திரும்பத் திரும்பத் தெரியவந்த கணக்கு. முறிவைக் கட்டுப் போட்டே சரி செய்துவிடலாம் என்று ஆந்திரத்துப் புத்தூருக்கு வண்டி ஏற்றுகிற வழக்கம் இன்றும் இருக்கிறது. கை எலும்பு கதை வேறு. இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்து, சில நாட்களுக்குள் நடக்க வைக்காவிட்டால் படுக்கைதான்.

நம் பக்கத்துப் பெண்களின் எலும்பு எப்படி இருக்கிறது? இரண்டு ஆய்வுகளைச் சொன்னால் போதும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்னாவின் குழு 2005இல் வெளியிட்டது ஒன்று. வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, 30 முதல் 60 வயதுக்குள்ளான 289 பெண்களைச் சோதித்தார்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் மட்டும் 29 சதவீதத்தினருக்கு ஆஸ்டியோபோரோசிஸ். அவர்கள் ஒரு நாளில் உணவில் பெற்ற கால்சியம் ஏறக்குறைய 270 மில்லிகிராம். இன்னொன்று வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் தாமஸ் பால் குழு 2008இல் வெளியிட்டது. ஐம்பது வயதைக் கடந்த, மாதவிடாய் நின்ற, நடமாட்டத்தோடு இருந்த 150 பெண்கள். பாதிப் பேருக்கு உடம்பில் ஏதாவது ஓரிடத்தில் ஆஸ்டியோபோரோசிஸ் இருந்தது. உணவில் கால்சியம் சராசரி 400 மில்லிகிராமை ஒட்டித்தான். பாதிக்கும் மேற்பட்டோருக்கு வைட்டமின் டி பற்றவில்லை. சென்னிமலைக்கென்று தனியாக எண் தேட வேண்டாம். வேலூர் தட்டும் ஈரோட்டுத் தட்டும் அவ்வளவு தூரம் விலகியவை அல்ல.

இந்த 270, 400 என்ற எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேல்நாட்டு ஆய்வுகளுக்குப் போக வேண்டும். 2006இல் அமெரிக்காவில் 36,282 பெண்களை வைத்து நடந்த மாபெரும் சோதனையின் முடிவு வந்தது. தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் கூடியது. முறிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 சதவீதம் அதிகமானது. மாத்திரை வீண் என்ற பேச்சு அன்றிலிருந்து கிளம்பியது. ஆனால் அந்தப் பெண்கள் சோதனை மாத்திரைக்கு முன்பே தினமும் ஏறக்குறைய 1150 மில்லிகிராம் கால்சியம் பெற்றுக்கொண்டிருந்தவர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வழியத்தான் செய்யும். இதற்கு நேர்மாறான கதை பிரான்ஸிலிருந்து 1992இலேயே வந்திருந்தது. முதியோர் இல்லங்களில் இருந்த, சராசரி வயது 84 ஆன 3270 பெண்கள். வெயில் படாதவர்கள், உணவில் கால்சியம் குறைந்தவர்கள். 1200 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் பதினெட்டு மாதம் கொடுத்ததில், தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களிடம் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. வைட்டமின் டி அளவு கூடுதல் என்றாலும், கால்சியம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். தட்டுத்தான் வேறு.

உடற்பயிற்சியோடு சேர்த்துப் பார்க்கும்போதும் இதே பாடம்தான். பானி ஸ்பெக்கர் என்ற ஆய்வாளர் 1996இல் பதினேழு சோதனைகளை ஒன்றாக வைத்து அலசினார். உடற்பயிற்சி முதுகெலும்புக்குப் பயன் தந்தது, நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கிடைத்தவர்களிடம்தான். சில ஆண்டுகளுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் 50 முதல் 79 வயது வரையிலான 180 ஆண்களைச் சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்து சேர்த்த பால், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை என்று பிரித்தார்கள். பயிற்சி செய்தவர்களின் தொடை எலும்புக் கழுத்து வலுத்தது. பால் கூடுதலாக எதுவும் சேர்க்கவில்லை. காரணம் எளிது: அந்த ஆண்கள் ஏற்கெனவே போதுமான கால்சியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். ஆக, கட்டுமானத்துக்கு உத்தரவு போடுவது உடலின் மேல் விழும் சுமை; பொருள் தருவது உணவு; பொருள் குறையும்போது மட்டும் மாத்திரைக்கு வேலை. நம் ஊரில் பொருளே குறைவு என்பதால், இங்கே மூன்றையும் ஒன்றாகப் பிடித்தாக வேண்டும். மாத்திரையைக் கேலி செய்யும் மேல்நாட்டுத் தலைப்புச் செய்திகளை 400 மில்லிகிராம் சாப்பிடும் பெண்ணிடம் சொல்வது பொறுப்பில்லாத வேலை.

சரி, தட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் கால்சியத்தின் அன்றாடத் தேவையை உயர்த்தியது: பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. காலையில் இட்லி, மதியம் சாதமும் ரசமும், ராத்திரி தோசை, நடுவில் மூன்று டீ என்று நாளை ஓட்டுபவருக்கு இது எட்டாத உயரம். 100 கிராம் அரிசியில் கால்சியம் பத்து மில்லிகிராமைத் தாண்டாது. ஒரம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்தால் கொங்கு வீடுகளில் ஆக்கிப் போடும் அரிசியும் பருப்பும் ருசியில் குறைவில்லாதது. எலும்புக் கணக்கில் அதற்கும் பின்வரிசைதான். துவரம் பருப்பு 100 கிராமில் எழுபது சொச்சம் மட்டுமே.

ஆனால் அதே கொங்கு அடுப்படியில் வேறு சரக்கும் இருக்கிறது. ராகி மாவு 100 கிராமில் 364 மில்லிகிராம். கொள்ளு 100 கிராமில் 270 அளவுக்கு. முருங்கைக்கீரை 314. அகத்திக்கீரை 900. எள்ளு 1200க்கும் மேலே. பசும்பால் 100 மில்லியில் 118. இப்போது ஒரு நாளை வேறு மாதிரி போட்டுப் பார்க்கலாம். மதியம் 100 கிராம் மாவில் ராகிக் களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு ஒரு கைப்பிடி, பொரியலாக அரைப்பிடி முருங்கைக்கீரை, மாலையில் ஓர் எள்ளுருண்டை, நாள் முழுக்கப் பால், தயிர், மோர் எல்லாம் சேர்ந்து 400 மில்லி பால். கூட்டினால் 1150க்கும் 1200க்கும் நடுவே வந்து நிற்கும். வெளியூர்ப் பொடி எதுவும் வாங்காமலே.

காகிதத்தில் வந்தது குடலில் அப்படியே ஏறாது என்பதையும் சொல்ல வேண்டும். ராகியிலும் எள்ளிலும் உள்ள ஃபைடேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் அது குறையும். ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் குடிக்கும் ராகிக் கூழ், சத்துக் கணக்கு தெரியாத காலத்திலேயே இதைச் செய்து வைத்திருக்கிறது. கீரைகளில் ஆக்ஸலேட் என்ற இன்னொரு தடை. பாலக்கீரையில் உள்ள கால்சியத்தில் 5 சதவீதம்தான் உடம்பில் ஏறுகிறது, பாலில் அது 27 சதவீதத்துக்கு மேல் என்று ராபர்ட் ஹீனியின் குழு 1988இல் அளந்து காட்டியது. கீரை என்று பேர் இருந்தால் எல்லாம் ஒன்றல்ல. பிரண்டையும் இந்த வரிசையில்தான் வருகிறது. எலும்பை ஒட்ட வைக்கும் மூலிகை என்று சித்த மருத்துவம் போற்றும் அந்தக் கொடியின் மீது விலங்குகளில் நம்பிக்கை தரும் சோதனைகள் நடந்திருக்கின்றன. மனிதர்களில் போதிய சான்று இன்னும் சேரவில்லை. நறுக்கும்போது கையில் ஏறும் அரிப்பே அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் படிகங்களால் வருவது. துவையலை ருசிக்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது.

பால் விஷயத்தில் சான்று வலுவாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில் 7195 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வெளியானது. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் ஆகியவற்றை அதிகப்படுத்தினார்கள். நாளொன்றுக்கு 700 ஆக இருந்த கால்சியம் 1142 மில்லிகிராம் ஆனது, புரதமும் கூடியது. எல்லா முறிவுகளும் 33 சதவீதம், இடுப்பு முறிவு 46 சதவீதம், விழுவதே 11 சதவீதம் குறைந்தது. இங்கே புரதத்துக்கும் பங்கு உண்டு. எலும்பின் கன அளவில் ஏறக்குறைய பாதி புரதம்தான். கால்சியம் அதன்மேல் படிகிறது. கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய அளவுகோல். முதியவர்களுக்கு ஒரு கிராமுக்குக் குறையக் கூடாது என்பது பல நிபுணர்களின் கருத்து. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐம்பது கிராமுக்கு மேல் வேண்டும். ரசம் சாதத்தில் அது வராது. கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை, மீன், தயிர் எதுவோ ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கூடும்போது உப்பு கூடும். உப்பு சிறுநீரோடு கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

வெயில் கொளுத்தும் தமிழ்நாட்டில் வைட்டமின் டி எப்படிக் குறையும்? கேட்பவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். தோலில் வைட்டமின் டி உருவாக உச்சிவெயிலின் புற ஊதாக் கதிர் வேண்டும். திருப்பதி வட்டாரத்தில் சி.வி. ஹரிநாராயண் நடத்திய அளவீடுகளில் காலை 11 முதல் பிற்பகல் 2 வரைதான் உற்பத்தி உச்சத்தில் இருந்தது. விடியற்காலைச் சூரிய நமஸ்காரம் மூட்டுக்கு நல்லது. வைட்டமின் டிக்கு அல்ல. உச்சிவேளையில் சென்னிமலையில் நெசவாளி எங்கே இருக்கிறார்? குழித்தறியில், ஓட்டுக் கூரைக்குக் கீழே. தார் சுற்றும் பெண்களும் நிழலில்தான். விசைத்தறிக் கூடத்திலோ வெயில் எட்டியே பார்க்காது. காட்டு வேலைக்குப் போகிற பெண்களும் தலையில் முந்தானையும் முழுக்கைச் சட்டையுமாகப் போகிறார்கள். கறுத்த தோலுக்கு இன்னும் நேரம் அதிகம் தேவை.

அதனால்தான் வைட்டமின் டி மாத்திரையும் பொடிப் பாக்கெட்டும் இங்கே தேவைப்படுகின்றன. ஆனால் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தால், அதே சீட்டைக் காட்டி இரண்டு வருஷம் வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். டி அதிகமாகி ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இந்தியாவில் பதிவாகியிருக்கிறார்கள். அதிகம் போட்டால் அதிகம் நல்லது என்ற கணக்கை ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2010இல் உடைத்தது. எழுபது வயது கடந்த 2256 பெண்களில் ஒரு பாதிக்கு ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்தார்கள். விழுவது 15 சதவீதமும் முறிவு 26 சதவீதமும் கூடின, குறையவில்லை. 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 25,871 பேரில் பாதிப் பேர் தினமும் 2000 யூனிட் எடுத்தார்கள். பெரும்பாலும் டி குறைவில்லாதவர்கள். முறிவில் வித்தியாசமே இல்லை. குறைவு உள்ளவருக்குத்தான் நிரப்ப வேண்டும். 600 யூனிட், அறுபது வயதுக்கு மேல் 800 யூனிட் என்பது இந்திய அளவுகோல். அதற்கு மேல் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.

மாத்திரை அட்டையையும் கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டும். கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500தான். உடம்பு ஒரே நேரத்தில் 500க்கு மேல் சரியாக ஏற்காது. கார்பனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும், சிட்ரேட் என்றால் வெறும் வயிற்றிலும் போடலாம். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தட்டில் 800 வந்துவிட்டவருக்கு ஒரு மாத்திரை போதும். 1200ம் தட்டிலேயே வந்தால் மாத்திரையே வேண்டாம். கொலாஜன் பொடி, வைட்டமின் கே2, எலும்புக்கென்று விளம்பரம் வரும் டப்பாக்கள் பற்றி ஒரே வரியில் சொல்லலாம்: அந்தப் பணத்துக்குப் பால் வாங்குவது மேல்.

அடர்த்தி கூடினாலே எலும்பு வலுத்துவிட்டது என்று நம்புகிறவர்களுக்கு ஃபுளோரைடு ஒரு நல்ல எச்சரிக்கை. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தப் பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். அதிக ஃபுளோரைடு எலும்பில் படிந்தால் எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று கெட்டியாகத் தெரியும். அதைப் பார்த்து ஒரு காலத்தில் சோடியம் ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரிக்ஸ் குழு 1990இல் வெளியிட்ட முடிவு இது: நான்கு ஆண்டுகளில் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவு குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு அதிகமானது. கெட்டியாகத் தெரிந்த எலும்பு உள்ளுக்குள் நொறுங்கும் தன்மையோடு இருந்தது. இந்த வட்டாரங்களில் டெக்ஸா ஸ்கேன் நன்றாக வந்துவிட்டது என்று மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. குடிக்கும் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும்.

இனி உடற்பயிற்சி. இதில்தான் ஆலோசனைகள் அதிகமாகத் தடம் மாறுகின்றன. "நல்லா நடங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நடப்பது இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. முதுகெலும்பின் அடர்த்தியில் அது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. எலும்புக்குப் பழகிப்போன சுமை சுமையே அல்ல. வழக்கத்தை மீறிய, கொஞ்சம் வேகமான, பல திசையிலிருந்து வரும் பாரத்தைத்தான் அது கணக்கில் எடுக்கிறது. விண்வெளியில் மிதக்கும் வீரர்களின் இடுப்பிலும் முதுகிலும் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் எலும்பு கரைவது இதன் மறுபக்கம்.

பாரம் தூக்குவது எலும்பு மெலிந்த பெண்களுக்கு ஆபத்து என்ற நம்பிக்கையை ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் சோதித்தார். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள், எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். தரையிலிருந்து பாரம் தூக்குவது, தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் தூக்குவது, கம்பியைப் பிடித்து எம்பித் தரையில் குதிப்பது. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல் வைத்து ஐந்தைந்து முறை. பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். தொடக்கத்தில் எடை இல்லாமல் முறையை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். முடிவில் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. லேசான வீட்டுப் பயிற்சி செய்த மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. பாரம் தூக்கியவர்களில் யாருக்கும் எலும்பு முறியவில்லை. மேற்பார்வை இல்லாமல் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் "பாரமே தூக்காதே" என்று எல்லாருக்கும் ஒரே வாய்ப்பாடு சொல்வதும் தவறு என்று தெரிந்துவிட்டது.

இதற்குச் சமமாக எச்சரிக்க வேண்டியது குனிவது. மேயோ கிளினிக்கில் சினாகி, மிக்கெல்சன் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான், 59 பெண்கள். முதுகெலும்பு மெலிந்தவர்கள். பின்னால் நிமிரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. முன்னால் குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம். எதுவுமே செய்யாதவர்களில்கூட 67தான். யோகா வகுப்புக்குப் போகும் அம்மாக்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எலும்பு மெலிந்தவர் முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தையும் பாதஹஸ்தாசனத்தையும் விட்டுவிட வேண்டும். குப்புறப் படுத்து மெல்லத் தலையும் மார்பும் தூக்கும் புஜங்காசனம் போன்றவை முதுகுத் தசையை வலுவாக்கும், அதையும் அளவோடு. முதுகை வளைத்துக் குனிந்து குடத்தைத் தூக்குவதும், களை எடுக்கும்போது மணிக்கணக்காக முதுகு வளைந்தே இருப்பதும் பயிற்சி அல்ல, ஆபத்து. முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கப் பழக வேண்டும்.

வீட்டில் என்னதான் செய்யலாம்? கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து பத்து முறை எழுவது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்குவது, வாரா வாரம் எடையைக் கொஞ்சம் ஏற்றுவது. தூணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. படிக்கட்டு ஏறுவது தொடைத் தசைக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் உதவும். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர், இறங்கும்போது தலை சுற்றுபவர் மலைப்பாதையில் வண்டியில் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதில் முருகனுக்கு வருத்தம் இருக்காது.

விழாமல் இருப்பது அடர்த்திக்குச் சமமான பாதுகாப்பு. பல வேளைகளில் அதற்கும் மேல். 2019இல் காக்ரேன் அமைப்பு 108 சோதனைகளைத் தொகுத்தபோது, உடற்பயிற்சி முதியவர்கள் விழுவதை 23 சதவீதம் குறைக்கிறது என்று தெரிந்தது. அதிலும் சமநிலைப் பயிற்சிக்கே பலன் அதிகம். வழுக்காத குளியலறைத் தரை, பிடிக்க ஒரு கம்பி, ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு, கண்புரைக்கு அறுவை சிகிச்சை, தூக்க மாத்திரையைக் குறைப்பது இவை எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காதவை. தறிக் குழி உள்ள வீட்டில் அதைப் பலகை போட்டு மூடி வைப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒரு எலும்பு முறிந்தவருக்கும், டி-ஸ்கோர் வெகுவாக இறங்கியவருக்கும் இந்த மூன்றும் மட்டும் போதாது, மருந்து வேண்டும். வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை அரசு மருத்துவர்களும் எழுதும் பழைய மருந்து. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காப்பியும் கால்சியமும் அதற்குப் பிறகுதான். ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம் மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்ததை 2007இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. அதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: மருந்து பெற்றவர்கள், பெறாதவர்கள் எல்லாருக்குமே தினமும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்திருந்தார்கள். வைட்டமின் டி வற்றிய உடம்பில் இந்த ஊசியைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தே மாறும். இன்னொன்றையும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது: சந்தையில் மூட்டு வலிக்கு என்று பேர் தெரியாத பொடி வாங்கிச் சாப்பிட்டிருந்தால் சொல்லிவிட வேண்டும். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பை அரிப்பதில் முதலிடம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடி வருகிறார்கள். அந்த வருகையில் எலும்புக்கும் இரண்டு கேள்வி சேர்த்தால் அரசுக்குப் பெரிய செலவில்லை: கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா, ஐம்பது வயதுக்கு மேல் லேசான அடியில் எலும்பு ஒடிந்ததா? ஆம் என்று சொல்பவருக்கு டெக்ஸா ஸ்கேன் வேண்டும். அந்த வசதி இன்று பெருநகர மருத்துவமனைகளில்தான் அதிகம், வட்டத் தலைநகர்களில் அபூர்வம். ராகியும் நியாயவிலைக் கடையில் கிடைக்க வேண்டும். நீலகிரி, தருமபுரியில் 2023இல் தொடங்கியதை ஈரோட்டுக்கும் கொண்டுவரலாம்.

அரசு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அம்மாவையோ அமுச்சிப் பாட்டியையோ சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளந்து, பழைய ஆவணத்தில் உள்ள உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முதுகு வலியே இல்லாவிட்டாலும், முதுகெலும்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.